சைலன்ஸ் பெக்கின் வாய்

"கதவைத் தூக்கிச் சாத்துங்க" என்றாள் சைலன்ஸ்.

ஏசா பெக் வழக்கம்போல இழுத்துச் சாத்தினார். கதவு வழக்கம்போலத் திறந்துகொண்டது.

அது கடையின் முன்கதவு. தச்சன் கீல் வைத்த லட்சணத்தில், கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் மேலே தூக்கி, பிறகு தள்ளினால்தான் தாழ் விழும். சைலன்ஸ் உள்ளே மேசையில் உட்கார்ந்து பழுப்பு ரொட்டியைக் கரும்புப் பாகில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டே மேலும் சொன்னாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்றேன். ஊர்க் கப்பலுக்கெல்லாம் மெழுகுவத்தி அனுப்பத் தெரியுது. ஒரு கதவைச் சாத்தத் தெரியல."

"கதவுக்கு என்மேல ஏதோ கோபம்."

"கோபம் கதவுக்கு இல்ல, எனக்கு. தூக்கிச் சாத்துங்கன்னேன்."

அவர் தூக்கிச் சாத்திவிட்டுத் துறைக்குப் போனார். திமிங்கிலத் தலை மெழுகு வந்து இறங்கியிருந்தது. பீப்பாய்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். மாலையில் திரும்பி வந்தபோது சைலன்ஸ் கட்டிலில் படுத்திருந்தாள். தொண்டைக் காய்ச்சல். அந்த இலையுதிர்காலத்தில் வின்டல் துறை என்ற அந்தத் துறைமுக ஊரில் அது வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. தொண்டை அடைத்துப்போயிருந்ததால் அவளால் ஒரு சொல்லும் பேச முடியவில்லை. கண்ணால் மட்டும் என்னென்னவோ சொன்னாள். அடுத்த ஞாயிறு வருவதற்குள் அவளைப் புதைத்துவிட்டார்கள்.

ஆகவே அவள் கணவனிடம் கடைசியாகச் சொன்னது அந்தக் கதவு விஷயம்தான்.

அவளுடைய அப்பாவுக்கு வரிசையாகப் பெண்கள். எல்லாரும் பேசுகிறவர்கள். இவள் பிறந்ததும் மனிதர் ஒரு முடிவோடு சைலன்ஸ், அதாவது மௌனம், என்று பெயர் வைத்துப் பார்த்தார். பெயர் வேலை செய்யவில்லை. அடுத்தவளுக்கு மைண்ட்வெல், நன்றாக நினைவில் வை, என்று வைத்தார். அது தேவைக்கு மேலேயே வேலை செய்தது. யார் எப்போது யாரை என்ன சொன்னார்கள் என்பது முழுவதும் மைண்ட்வெல்லுக்கு மனப்பாடம். அக்கா போன பிறகு அவள்தான் ஏசாவின் வீட்டையும் கடையையும் பார்த்துக்கொள்ள வந்தாள்.

சைலன்ஸின் உருவம் என்று உலகத்தில் மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். பாதி வரைந்த ஒரு படம். அது ஏசாவிடம் இல்லை. தெருவுக்கு எதிர்ப்புறம் சபைக் கூடத்தில், முகக் குழுவின் பொறுப்பில் இருந்தது.

முகக் குழு தோன்றிய கதை இது. ஜெபக்கூடத்தில் எந்தக் குடும்பம் எந்தப் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்ய ஊரில் ஒரு குழு இருந்தது. சொத்து, வயது, வம்சம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அவர்கள் ஒருவழியாக எல்லாரையும் உட்கார வைத்தார்கள். வேலை முடிந்துவிட்டது. ஆனால் மற்றவர்களைத் தரம் பிரித்துப் பழகிய மனிதர்களால் சும்மா இருக்க முடியுமா? அந்தச் சமயத்தில்தான் ஊரில் பணம் சேர்ந்தவர்கள் தங்கள் படத்தை எழுதி மாட்டிக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள். யார் படத்தில் என்ன இருக்கலாம் என்று தீர்மானிக்க ஒரு குழு தேவை என்பது குழுவுக்குத் தோன்றியது. ஊரிலிருந்து மறுப்பு ஒன்றும் வரவில்லை. ஊரைக் கேட்கவும் இல்லை.

விதிகள் எளியவை. கப்பல் முழுவதும் சொந்தமானவர் படத்தில் ஜன்னல் வழியே முழுக் கப்பல் தெரியலாம். பாதிப் பங்குக்காரருக்குப் பாதிக் கப்பல். மீதியைத் திரைச்சீலை மறைத்துவிடும். வியாபாரி கையில் கடிதம், பாதிரியார் கையில் புத்தகம், குழந்தை கையில் சங்கிலி கட்டிய அணில். ஸ்டோடர்ட் வீட்டுக் குழந்தை அணிலைக் கண்டாலே அலறி மூச்சடைத்துப்போகும். படத்தில் அது அணிலை வைத்துக்கொண்டு சிரிக்காமல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது. எல்லார் பின்னாலும் ஒரு பளிங்குத் தூண். வின்டல் துறையில் பளிங்குத் தூணைக் கண்ணால் கண்டவர் கிடையாது. ஆனாலும் அது இல்லாமல் எந்த நல்ல குடும்பமும் நிற்பதில்லை.

பெண்களுக்கு நீலப் பட்டு அங்கி. அது ஒரே அங்கி. லண்டனிலிருந்து வந்த ஓர் அச்சுப் படத்தில் யாரோ ஒரு கோமகள் அதைப் போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தின் சீமாட்டிகள் எல்லாரும் அதையே போட்டுக்கொண்டார்கள். அதே மடிப்பு, அதே முத்து, இடது முழங்கையில் அதே வெளிச்சம். பார்படோஸிலிருந்து வந்த ஒரு கப்பல் தலைவர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசியில் தொப்பியைக் கழற்றி, "இந்த அம்மா ரொம்ப வருஷம் வாழ்ந்திருக்காங்க போல" என்றார்.

ஏசாவின் மெழுகுவத்தி நன்றாக விற்று, ஒரு கப்பலில் பங்கும் வாங்கிய பிறகு, பெக் குடும்பத்துக்கு முகம் உண்டு என்று குழு அறிவித்தது. அது வசந்தகாலத்தில். சைலன்ஸ் உயிரோடு இருந்தாள். இருவரும் கூடத்துக்குப் போனார்கள்.

தலைவர் லெமுவேல் ஹாக்ஸ்டன், ஜெபக்கூடத்தின் டீக்கன். ரம் வியாபாரி, சொந்தமாக ஒரு சத்திரமும் உண்டு, மதுவிலக்கைப் பற்றி நன்றாகப் பேசுவார். செயலர் ஃபீனியஸ் க்ரெயில், வக்கீல். விதிகளெல்லாம் இவர் நாக்கில்தான் இருந்தன. மூன்றாவதாக ஒரு முதியவர். தூங்குவார், வாக்கெடுப்பின்போது கை தூக்குவார்.

"கப்பல்ல எவ்வளவு?" என்று கேட்டார் க்ரெயில்.

"எட்டுல ஒரு பங்குங்க" என்றார் ஏசா.

"எந்த எட்டுல ஒண்ணு?"

ஏசாவுக்குப் புரியவில்லை.

"முன்பக்கமா, பின்பக்கமா? ஜன்னல்ல எதைக் காட்டறது?"

"அப்படியெல்லாம் பிரிக்கலைங்க. முழுகினா எல்லாம் சேர்ந்துதான் முழுகும்."

"முழுகறது வேற, வரையறது வேற" என்றார் க்ரெயில். குழு கலந்து பேசியது. ஒரு பாய்மரமும் அதை ஒட்டிய பாயில் பாதியும் ஏசா பெக்குக்கு உரியவை என்று தீர்ப்பானது.

பெண்கள் பெஞ்சிலிருந்து சைலன்ஸ் கேட்டாள். "எட்டுல ஒரு பங்கு எலியாவது சேர்த்துத் தருவீங்களா? நாங்க வளர்த்துக்கறோம்."

டீக்கன் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை பட்டவர்கள் யாரும் மறுபடி பேசியதில்லை. அவள் சிரித்தாள்.

அதுதான் சங்கடத்தின் தொடக்கம். ஓவியர் ஏபியல் லூமிஸ் ஊர் ஊராகப் போய்ப் படம் எழுதுகிறவர். அதற்கு முன் கடைப் பலகை எழுதிக்கொண்டிருந்தவர். கூடத்தின் வடக்கு அறையில் அவருக்குக் குழு இடம் கொடுத்திருந்தது. அவர் முதலில் முகத்தை எழுதுவார். அங்கியும் தூணும் பிறகு வரும். இலையுதிர்காலத் தொடக்கத்தில் சைலன்ஸை உட்கார வைத்து, அச்சுப் படத்தைக் காட்டி, "அம்மா, இந்தக் கோமகளை மனசுல நினைச்சுக்கிட்டு உட்காருங்க" என்றார்.

"இவங்க என்னத்தை நினைச்சுக்கிட்டு உட்கார்ந்தாங்களாம்?"

"தெரியாதுங்கம்மா."

"இடுப்புக் கச்சையை யாராவது அவுத்துவிட்டாத் தேவலைன்னு நினைச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, தானே சிரிக்க ஆரம்பித்தாள். ஏசா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நிறுத்துவாள் என்று லூமிஸ் காத்திருந்தார். அவள் நிறுத்தினால் அடுத்த பேச்சைத் தொடங்கினாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் உள்ளது உள்ளபடி எழுதிவிட்டார். வாய் திறந்திருந்தது. வாதுமைக் கொட்டையைக் கடித்து உடைத்துக்கொண்ட முன்பல் ஓரத்தில் அந்தச் சின்ன இடைவெளியும் இருந்தது.

"அடுத்த தடவை வரப்போ வாயை மூடிடலாங்கம்மா" என்றார்.

"முயற்சி பண்ணிப் பாருங்க" என்றாள் சைலன்ஸ்.

அடுத்த தடவை இல்லாமல் போயிற்று.

அடக்கம் முடிந்து சில நாளில் குழு துக்கம் விசாரிக்க வந்தது. சாவு வீட்டில் வந்தவர்களுக்குக் கறுப்புக் கையுறை கொடுப்பது வழக்கம். ஏசா கொடுத்த கையுறைகளையே மூவரும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். உட்கார்ந்ததும் தையலைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெக், உங்க துக்கம் எங்க துக்கம்" என்றார் டீக்கன். "அதனாலதான் தள்ளிப்போடாம வந்தோம். வாய் விஷயம்."

"எந்த வாய்ங்க?"

"உங்க மனைவியோடது. படத்துல திறந்திருக்கு. பல் தெரியுது."

"அவ அப்படித்தாங்க இருப்பா."

"இருந்தாங்க" என்று திருத்தினார் க்ரெயில். "உயிரோட இருக்கறவங்க வாயைத் திறந்தா, மூடிக்க அவங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு. இறந்தவங்களுக்கு அது கிடையாது. அந்தப் பொறுப்பு குழுவுக்கு வந்துடுது."

மைண்ட்வெல் ஆப்பிள் மது கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் கொஞ்சம் டீக்கனின் முழங்காலில் சிந்தியது.

"எங்க அக்கா இருந்த வரைக்கும் அவ வாயை மூட ஊர்ல ஒரு ஆம்பளைக்கும் தைரியம் வரலை. இப்ப மூணு பேர் கையுறை மாட்டிக்கிட்டு வந்திருக்கீங்க."

"துக்கம் பேசுது" என்றார் டீக்கன் ஏசாவிடம், பெருந்தன்மையாக.

"நான்தாங்க பேசறேன்" என்றாள் மைண்ட்வெல். "நீங்க ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி எங்க அக்காவை வாயாடின்னு சொன்னீங்க. மீன் சந்தையில. மழை பெய்ஞ்சுது."

ஏசா மெதுவாகக் கேட்டார். "படத்தை அப்படியே என்கிட்டக் கொடுத்துடுங்க. கூடத்துல மாட்ட வேண்டாம். வீட்டுல வெச்சிக்கறேன்."

அது முடியாதென்றார் க்ரெயில். கூடத்தில் தொடங்கிய படம் குழுவின் முத்திரை இல்லாமல் வெளியே போகக் கூடாது. பல் தெரிகிற படத்துக்கு முத்திரை கிடையாது. வியாழக்கிழமை விசாரணை, அதற்கடுத்த வியாழக்கிழமை லூமிஸ் வாயை மூடுவார். கையில் தலைகவிழ்ந்த ரோஜா. பின்னால், பரிவின் அடையாளமாக, தூண் இலவசம்.

அவர்கள் போகும்போது கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்கள். அது திறந்துகொண்டது. ஏசா எழுந்து போய்த் தூக்கிச் சாத்தினார். அவருக்கு அப்போதுதான் ஒரு பயம் வந்தது. காலையில் கண் விழித்ததும் சைலன்ஸின் முகத்தை நினைத்துப் பார்த்திருந்தார். குரல் வந்தது. முகத்தில் கண் வந்தது, நெற்றி வந்தது, வாய் மட்டும் கலங்கிக் கலங்கிப் போயிற்று. அந்தப் படத்தில் இருக்கிற வாயையும் மூடிவிட்டால் பிறகு தேடிப் போக இடம் கிடையாது.

விசாரணைக்குக் கூடம் நிறைந்திருந்தது. வாயை மூடுவதென்று முன்பே முடிவாகிவிட்டதால், மூடிய நிலையில் சைலன்ஸ் பெக்கின் வாய் எப்படி இருக்கும் என்பது மட்டுமே கேள்வி. அதற்குச் சாட்சிகள் அழைக்கப்பட்டார்கள்.

பாதிரியார் வந்தார். "பிரசங்கத்தின்போது மூடியிருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியலை. நான் பிரசங்கம் பண்றப்போ யாரையும் பார்க்கறதில்லை. பார்த்தா நிறுத்திடத் தோணும்."

பக்கத்து வீட்டு ரொட்டிக்காரர் வந்தார். "தூங்கறப்போ மூடியிருக்கும். ஆனா அது எனக்கு எப்படிங்க தெரியும்?"

எல்லாரும் ஏசாவைப் பார்த்தார்கள். "தூக்கத்துலயும் பேசுவாங்க" என்றார் ஏசா. கூடத்தில் சிரிப்பு எழுந்தது. க்ரெயில் மேசையைத் தட்டினார்.

சாட்சி இல்லாத இடத்தில் குழுவின் வாயைப் பயன்படுத்தலாம் என்று விதி இருப்பதாக க்ரெயில் நினைவூட்டினார். குழுவின் வாய் என்பது டீக்கனின் மனைவி மிசஸ் ஹாக்ஸ்டனின் வாய். கூடத்தில் முதலில் மாட்டியது அவர் படம்தான். அந்த உதடுகள் மிகவும் சரியாக அமைந்துவிட்டன என்று குழுவுக்குத் தோன்றியதால், அதன்பின் சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் அதையே எழுதச் சொன்னார்கள். சந்தேகம் அடிக்கடி வந்தது. ஏசா சுவரை ஏறிட்டுப் பார்த்தார். இத்தனை நாள் கவனித்ததில்லை. நீல அங்கிகளுக்கு மேலே, வேறு வேறு மூக்குகளுக்குக் கீழே, ஒரே வாய்.

டீக்கன் எழுந்தார். அவர் ஏதாவது சொல்லி முடித்தால்தான் எந்த விஷயமும் முடிந்ததாகக் கணக்கு.

"பெக் நம்ம ஆளு. அவர் மனசு புண்படக் கூடாது. அதனால என் வீட்டு விஷயத்தையே சொல்றேன். வாயைத் திறந்தா என்ன வரும்? அபிப்பிராயம் வரும். ஒரு வீட்டுல எத்தனை அபிப்பிராயம் இருக்கலாம்? எங்க வீட்டுல ஒண்ணு. அதை நான் வெச்சிருக்கேன். என் மனைவி படம் எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. போன குளிர்காலத்துல ஒரு நாள் சாயங்காலம் அவங்க எதிர்ல உட்கார்ந்து கரும்புப் பாகு விலை இறங்கினதைப் பத்தி ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தேன். எவ்வளவு பொறுமையாக் கேட்டாங்க தெரியுமா? அப்புறம் பின்னால திரும்பினேன். நிஜமான மனைவி அங்க உட்கார்ந்திருந்தாங்க. நான் பேசினது படத்துக்கிட்ட. ரெண்டுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியலை. நண்பர்களே, ஓவியம்னா அதுதான். இல்லறம்னாலும் அதுதான்."

கூடம் கைதட்டியது. முதல் வரிசையில் இருந்த மிசஸ் ஹாக்ஸ்டனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வாய் சுவரில் இருந்தபடியே இருந்தது.

ஏசா எழுந்து நின்றார். பேசிப் பழக்கமில்லாதவர், வீட்டில் அந்த வேலையை இன்னொருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சந்தேகம்ங்க. டீக்கனோட சத்திரத்து வாசல்ல ஒரு சிங்கம் வரைஞ்சிருக்கு. வாயைப் பொளந்துகிட்டு இருக்கு. பல்லு அத்தனையும் தெரியுது. நாக்கு வேற. அதுக்கு முத்திரை யார் குத்தினது?"

க்ரெயில் சிரித்தார். "அது பலகை, பெக். படம் இல்லை."

"ரெண்டும் பெயிண்ட்தானேங்க?"

"படம் குடும்பத்தைச் சொல்லும். பலகை விலையைச் சொல்லும். பலகைக்கு மானம் மரியாதை எதுவும் கிடையாது. வாயைத் திறந்துக்கிட்டா யாருக்கு என்ன? அதனாலதான் பலகைக்குக் கூடத்துல இடமே இல்லை. ஒரு தடவை கசாப்புக் கடைக்காரன் தன் பெண்டாட்டியைப் பன்றித் தொடையோட எழுதிக் கொண்டுவந்து நுழைச்சுட்டான். அன்னிக்குப் போட்ட விதி. பலகை ஒண்ணு உள்ள இருக்கறது தெரிஞ்சா, அந்த நிமிஷமே குழு தன் கையாலயே தூக்கிக் கொண்டுபோய்ச் சொந்தக்காரன் வாசல்ல வெச்சுட்டு வரணும். மத்தவங்க கையில விட்டா நம்பிக்கை இல்லை."

"ரொம்ப நல்ல விதிங்க" என்று சொல்லிவிட்டு ஏசா உட்கார்ந்தார். அவர் அடங்கிவிட்டதாக எல்லாரும் நினைத்தார்கள். மைண்ட்வெல் மட்டும் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மாமா பண்ணப் போறீங்க?"

சொன்னார்.

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "அக்காவைத் தெருவுல தொங்கவிடப் போறீங்க. பெண்டாட்டி முகத்தைக் காட்டி வத்தி விக்கறான்னு ஊர் சொல்லும்."

"சொல்லட்டும்."

"உங்க படத்தையும் எழுத மாட்டாங்க. ஜெபக்கூடத்துல பெஞ்சு பின்னால போயிடும்."

"போகட்டும். கூடத்துக்குள்ள டீக்கன் பெண்டாட்டி வாயை ஒட்டிக்கிட்டு அவ உட்கார்ந்திருக்கறதை நான் தினம் தினம் போய்ப் பார்க்கணுமா? அவ எப்பவும் தெருவைப் பார்த்துத்தான் பேசிக்கிட்டிருப்பா. தெருவுலயே இருக்கட்டும்."

மைண்ட்வெல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எழுத்துப்பிழை இல்லாம எழுதச் சொல்லுங்க. இல்லாட்டி அவ திட்டுவா."

மறுநாள் காலையில் ஏசா வடக்கு அறைக்குப் போனார். லூமிஸ் படத்தின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். தூரிகையில் வண்ணம் காய்ந்துபோயிருந்தது.

"இப்பவே மூடிப் பார்த்துடலாம்னு எடுத்தேங்க" என்றார். "வாய்கிட்டக் கொண்டுபோனேன். ஏதோ சொல்ல வந்தவங்களைப் பாதியில நிறுத்தற மாதிரி இருந்தது. கையை எடுத்துட்டேன். எனக்கு இந்த ஊர்ல மூடின வாய் எழுதி எழுதிக் கை மரத்துப்போச்சு. இது ஒண்ணுதான் உசிரோட இருக்கு."

"நீங்க முன்னால பலகை எழுதுவீங்கன்னு சொன்னாங்க."

"எழுத்துதான் எனக்கு நல்லா வரும். முகம் வயித்துக்காக."

"ஒரு பலகை எழுதணும்" என்றார் ஏசா. "புதுசா வேண்டாம். இதுலயே."

லூமிஸ் படத்தைப் பார்த்தார். ஏசாவைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். "குழு என்னை இந்த ஊர்லேர்ந்து துரத்திடும்."

"துரத்தினா எங்க போவீங்க?"

"வேற ஊருக்கு. அங்கயும் ஒரு குழு இருக்கும்" என்று சொல்லி, சற்று யோசித்து, "அடிக்கோலை எடுங்க, கோடு போடணும்" என்றார்.

வியாழக்கிழமை வாய் மூடுவதைப் பார்க்கக் குழு முறைப்படி வந்தது. இறந்தவளுக்கு மரியாதையாக மறுபடியும் கறுப்புக் கையுறை. பார்க்க வந்தவர்கள் சுவரோரம் நின்றார்கள். மிசஸ் ஹாக்ஸ்டன், வாய்க்கு மாதிரி என்ற முறையில், நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். பாதிரியார் சின்ன ஜெபம் சொன்னார். டீக்கன் தலையசைத்தார். லூமிஸ் துணியை எடுத்தார்.

சைலன்ஸ் சிரித்துக்கொண்டிருந்தாள். நீல அங்கி இல்லை. மாவு ஒட்டிய வீட்டு ஏப்ரன் கட்டியிருந்தாள். தூண் இல்லை. ரோஜா இருக்க வேண்டிய கையில் மெழுகுவத்தி எரிந்தது. அவளுக்குக் கீழே, எட்ட நின்று படிக்கும்படி அழகான பெரிய எழுத்தில், "பெக் மெழுகுவத்தி. நின்று எரியும்" என்று இருந்தது. அதற்கும் கீழே விலை.

சுவரோரம் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது என்ன?" என்றார் டீக்கன்.

"பலகைங்க" என்றார் ஏசா.

"இது படம்."

"விலை போட்டிருக்குங்க."

டீக்கன் க்ரெயிலைப் பார்த்தார். க்ரெயில் கிட்டப் போய் விலையைப் படித்தார். தன் விதி தன் மேலேயே வந்து ஏறுவதை ஒரு வக்கீல் உணர்கிறபோது முகம் எப்படிப் போகும் என்பதை லூமிஸ் ஆர்வமாகக் கவனித்தார். அந்த முகத்தை எழுத அவரை யாரும் கூப்பிடப் போவதில்லை.

"இப்பவே வாயை மூடிடுங்க, லூமிஸ்" என்றார் டீக்கன்.

"பலகையோட வாயில குழுவுக்கு அதிகாரம் இல்லை" என்றார் க்ரெயில், மெல்லிய குரலில். "அப்படி இருந்தா சிங்கத்தோட வாயையும் மூடணும்."

டீக்கன் சத்திரத்தின் வருமானத்தை மனதுக்குள் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு ஏசாவிடம் திரும்பினார். "பெக், நீங்க என்ன செய்யறீங்கன்னு தெரிஞ்சுதான் செய்யறீங்களா? இனிமே உங்களுக்கு இந்தக் கூடத்துல முகம் இல்லை. ஜெபக்கூடத்துல கடைசி பெஞ்சு."

"கடைசி பெஞ்சு கதவுகிட்டங்க. சீக்கிரம் வெளிய வரலாம்."

"செத்துப்போன மனைவியைச் சந்தைக்குக் கொண்டு வரீங்க."

ஏசா படத்தின் பக்கத்தில் போய் நின்றார். "அவ சந்தையில சந்தோஷமா இருந்தவ. மீன்காரன்கிட்டப் பேரம் பேசுவா, உங்ககிட்டயும் பேசுவா. நான் அவளைக் கொண்டு போற இடம் அவ இடம். நீங்கதான் அவளை வேற யாரோவாக்கி இங்க பூட்டப் பார்த்தீங்க. எனக்கு இந்த ஊர்ல முகம் இல்லாட்டிப் பரவாயில்லை. அவளுக்கு இருக்கணும்." பிறகு, விதி தெரிந்தவர் மாதிரி, "பலகை உள்ள இருக்குங்க. ரொம்ப நேரமா இருக்கு" என்றார்.

விதி விதிதான். தூங்குகிற முதியவரையும் எழுப்பினார்கள். மூன்று பேரும் கறுப்புக் கையுறைக் கையால் படத்தை அலுங்காமல் தூக்கிக்கொண்டு கூடத்தின் பெரிய கதவு வழியே வெளியே வந்தார்கள். தெருவில் இருந்தவர்கள் வழிவிட்டு நின்றார்கள். பழக்கத்தில் சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். முதல் தடவை அவளைத் தூக்கிக்கொண்டு போனபோதும் இதே தெரு இப்படித்தான் நின்றது. அன்று அவள் முகம் தெரியவில்லை. இன்று அவள் நிமிர்ந்து, எல்லாரையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு போனாள். ரொட்டிக்காரர் வாசலில் முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு தெரு முழுவதும் சிரித்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு.

கடை வாசலில் கூரை நீண்டிருந்த இடத்தில் மைண்ட்வெல் ஏற்கெனவே கொக்கி அடித்து வைத்திருந்தாள். டீக்கன் ஏணியில் ஏறவேண்டியதாயிற்று.

"கொஞ்சம் இடது பக்கம்" என்றாள் மைண்ட்வெல் கீழேயிருந்து. "இன்னும் கொஞ்சம். நீங்க மீன் சந்தையில நின்னீங்களே, அந்தப் பக்கம் பார்க்கட்டும்."

லூமிஸ் அந்த வாரமே ஊரை விட்டுப் போனார். போகிற வழியில் அவருக்கு நிறையப் பலகை கிடைத்ததாகக் கேள்வி. ஏசாவுக்காகத் தொடங்கிய படம் கூடத்திலேயே தங்கிவிட்டது. ஏசா வந்து உட்கார நேரம் கிடைக்காததால் அதில் மட்டும் பின்னணியை முதலில் எழுதியிருந்தார்கள்; முகம் இல்லை. தூணும் சிவப்புத் திரையும் காலி நாற்காலியும், ஜன்னலில் ஒரு பாய்மரமும் பாதிப் பாயும் மட்டும் இருந்தன. கூடத்தில் இருப்பவற்றிலேயே மிகவும் கண்ணியமான படம் அதுதான் என்று குழு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

மழையும் பனியும் வந்தால் ஏசா பலகையைக் கழற்றி உள்ளே வைப்பார். வெயில் வந்ததும் மாட்டுவார். அந்தக் குளிர்காலத்தில் வியாபாரம் முதலில் விழுந்தது. நல்ல குடும்பங்கள் வேறு கடைக்குப் போயின. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பின. வேறு கடை வத்தி நின்று எரியவில்லை.

பனி உருகத் தொடங்கிய ஒரு நாள் காலையில் மிசஸ் ஹாக்ஸ்டன் தனியாக வந்தார். வேலையாளை அனுப்பாமல் அவரே கடைக்கு வருவது அதுதான் முதல் தடவை. வாசலில் நின்று பலகையை அண்ணாந்து பார்த்தார். ஏசா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்குப் பல்லே இல்லை, அதனால்தான் வாயைத் திறப்பதில்லை என்று ஊரில் நெடுநாளாக ஒரு பேச்சு உண்டு. அது உண்மை இல்லை. எல்லாப் பல்லும் இருந்தது.

சிரித்து முடித்துவிட்டு உள்ளே வந்து, கதவை இழுத்துச் சாத்தினார். அது திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார். மறுபடி திறந்துகொண்டது.

"அவங்க ஏதோ சொல்ற மாதிரியே இருக்கே" என்றார், வெளியே கையைக் காட்டி. "என்ன சொல்றாங்க, மிஸ்டர் பெக்?"

"கதவைத் தூக்கிச் சாத்தச் சொல்றாங்கம்மா" என்றார் ஏசா.

மிசஸ் ஹாக்ஸ்டன் கைப்பிடியைப் பிடித்துக் கொஞ்சம் தூக்கித் தள்ளினார். தாழ் விழுந்தது.

அதற்குப் பிறகு இரண்டு தச்சர்கள் வந்து பார்த்துவிட்டு, கீலை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். ஏசா வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் கதவை இன்றைக்கும் தூக்கித்தான் சாத்த வேண்டும்.